பன்னிரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தகரப் பெட்டி: பெண் பிள்ளைகள் தன்னம்பிக்கைப் பயிற்சிப் பெட்டி, ராமநாதபுரம் கரைக்கு எவ்வளவு பொருந்தும்?

வளரிளம் பெண்களின் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, மனநலன் என்று அட்டையில் அச்சிட்டு ஒரு பயிற்சிப் பெட்டி கடற்கரை ஊர்ப் பள்ளிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் விற்பனைக்கு வருகிறது. பெயர் போடாமல் எழுதுகிறோம். ஒரே சரக்கு வெவ்வேறு மேலட்டையோடு கைமாறுவதால், பெயரைவிட உள்ளே இருப்பதைப் பார்ப்பதுதான் வாங்குகிறவருக்கு உதவும்.

பெட்டியில் இருப்பவை: 96 பக்கக் கையேடு, 36 உணர்வு அட்டைகள், 12 தாள் படச்சுருள், 20 நோட்டு, பூட்டோடு ஒரு கடிதப் பெட்டி, இரண்டு நிமிட மணல் கடிகாரம், நூல்கண்டு, விசில், மாதவிடாய் விளக்கப் பொருட்கள், முடிவில் கொடுக்க 20 சான்றிதழ். நடத்தப்போகும் அக்காவுக்கு இரண்டு நாள் பயிற்சியும் சேர்த்து 6,500 ரூபாய். வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், 12 வாரம்.

வாங்கலாம். ஆனால் கையேட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து அப்படியே நடத்தினால் ஐந்தாவது வாரம் பாயில் ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். பன்னிரண்டில் நான்கு வாரம் உருப்படியானது, மூன்று திருத்தினால் தேறும். மீதி ஐந்தும் பேச்சு.

பலகையில் என்ன எழுதுவது

இந்தக் கரையில் ‘மனநலம்’ என்ற சொல்லுக்கு ஒரு ஊர் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த, கேட்ட தலைமுறைதான் இன்றைய அம்மாக்கள். பெட்டியோடு வரும் பேனரில் ‘வளரிளம் பெண்களுக்கான மனநல மேம்பாட்டு முகாம்’ என்று பெரிதாக இருக்கிறது. அதைக் கட்டினால், “எம்புள்ளைக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்ற கேள்வி வாசலிலேயே வந்து நிற்கும். பேனரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். ‘சனிக்கிழமைக் கூட்டம்’ போதும். முதல் வாரத்துக்கு முன்பே அம்மாக்களை ஒரு மாலை உட்காரவைத்து, என்ன பேசுவோம், என்ன பேச மாட்டோம், எத்தனை மணிக்குப் பிள்ளை வீடு வந்து சேரும் என்று சொல்லிவிடுவது நல்லது. கையேட்டில் இந்தக் கூட்டத்துக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

காலம் குறிப்பதிலும் கையேட்டுக்கு இந்தக் கடல் தெரியவில்லை. ‘கோடை விடுமுறையில் நடத்த ஏற்றது’ என்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது, கல்யாணப் பேச்சும் அப்போதுதான் கிளம்பும். பிள்ளைகளுக்குத் துணை அதிகம் தேவைப்படும் காலம் அதுதான் என்றாலும், வீட்டை விட்டு ஒன்றேகால் மணி நேரம் அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை குறுக்கிடும். பள்ளி திறந்து படகும் கடலுக்குப் போய்விட்ட ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால், செப்டம்பர் முதல் வாரம் முடியும். காலாண்டுத் தேர்வு இடிக்காது.

காலை பத்து மணி என்று கையேடு சொல்வதையும் மாற்ற வேண்டும். அம்மா கடல்பாசி எடுக்கவோ கருவாட்டுக் களத்துக்கோ போயிருந்தால் தம்பி தங்கச்சி மூத்த பெண் பொறுப்பில்தான் இருக்கும். மாலை நான்கரைக்கு மேல் வைத்தால் வருவார்கள். இருட்டுவதற்குள் வீடு சேரவும் நேரம் இருக்கும். புயல் பாதுகாப்பு மையம், அங்கன்வாடி, மகளிர் குழுக் கட்டடம் எதுவும் இடத்துக்குச் சரி. கதவு சாத்த முடிய வேண்டும், தண்ணீரோடு கழிப்பறை வேண்டும். வலை பின்னும் கொட்டகை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் அங்கே ஆண்கள் வருவதும் போவதும் நிற்காது.

ஒரு குழுவில் 15 முதல் 18 பேர். பெட்டியில் 20 நோட்டு இருக்கிறதே என்று 20 பேரையும் சேர்த்தால், ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசும் சுற்றே 40 நிமிடம் தின்றுவிடும். 11–14 வயதையும் 15–18 வயதையும் ஒரே பாயில் உட்காரவைக்கக் கூடாது. சின்னவள் வாயைத் திறக்க மாட்டாள், பெரியவள் சின்னவளுக்கு முன்னால் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

உணர்வு அட்டைகள்

பெட்டியின் பெருமையே இதுதான் என்று விற்பவர் சொல்வார். 36 அட்டை, வழுவழுப்பான தாள், நல்ல அச்சு. மொழிதான் கோளாறு. ‘விரக்தி’, ‘குற்றவுணர்வு’, ‘மனநிறைவு’, ‘நான் பதற்றமாக உணர்கிறேன்’. தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ ‘உணர்கிறேன்’ என்று எந்தப் பிள்ளையும் பேசுவதில்லை. இந்த அட்டைகளைப் பரப்பினால் பதினெட்டில் பன்னிரண்டு பேர் ‘மகிழ்ச்சி’யை எடுப்பார்கள். அதுதான் கேள்வி வராத அட்டை.

பிள்ளைகள் உண்மையில் சொல்வது ஒரே வாக்கியம்: “ஒரு மாதிரியா இருக்குக்கா.” அதற்குள் ஐந்தாறு சங்கதி கிடக்கும். “ஏன்?” என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். “எங்க இருக்கு?” என்று கேளுங்கள். வயித்தைப் பிசையுதா, நெஞ்சை அடைக்குதா, தொண்டையில நிக்குதா, கை கால் வெலவெலக்குதா? உடம்பில் இடத்தைக் காட்ட எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இல்லை. இடம் தெரிந்த பிறகு, “அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” சொல் மூன்றாவதாகத்தான் வரும். கையேடு சொல்லில் தொடங்கி உடம்பில் முடிக்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே இந்த வாரம் பிழைத்துவிடும்.

அட்டைகளை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய கல்யாணப் பத்திரிகையைப் பாதியாக வெட்டினால் தடிமன் சரியாக இருக்கும். 36 தேவையில்லை, 16 போதும்: கடுப்பு, எரிச்சல், ஆத்திரம், கூச்சம், அவமானம், பயம், படபடப்பு, ஏக்கம், மனபாரம், பொறாமை, சலிப்பு, தனியா இருக்கிற மாதிரி, நிம்மதி, பெருமை, குஷி, ‘தெரியல’. கடைசி அட்டை கட்டாயம். முதல் மூன்று வாரம் அதிகம் எடுக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ‘வெறுப்பு’ என்று ஒரு அட்டை எழுதாதீர்கள். “வெறுப்பா இருக்கு” என்று இங்கே ஒரு பிள்ளை சொன்னால் சலித்துப்போயிருக்கிறாள் என்று பொருள். அதை எழுத்துத் தமிழில் படித்துவிட்டு, யாரை வெறுக்கிறாய் என்று குடைந்தால் கூட்டம் வேறு எங்கோ போய்விடும்.

நடத்தும் முறை: அட்டைகளைப் பாயில் எழுத்து தெரியும்படி பரப்ப வேண்டும். பேசாமல் ஆளுக்கு ஒன்று எடுத்து, எழுத்து உள்பக்கமாக நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார்கள். ஒரே அட்டை இரண்டு பேருக்கு வேண்டும் என்றால் சண்டை வரும், அதனால் ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. காட்ட விரும்புகிறவள் மட்டும் காட்டலாம். ‘பாஸ்’ சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. அடுத்தடுத்து மூன்று வாரம் பாஸ் சொன்னாலும் அப்படித்தான். முதல் அட்டையை அக்கா எடுக்க வேண்டும், ஆனால் சின்ன விஷயமாக: “இன்னிக்கு பஸ் முக்கா மணி நேரம் லேட்டு, செம கடுப்பு.” நடத்துகிற அக்கா தன் வீட்டுத் துக்கத்தைக் கொட்டி அழுதுவிடுவதுதான் இந்த வாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்தவள் தானும் அதே அளவுக்கு எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நினைப்பாள். தயாராக இல்லாததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுவாரம் வரமாட்டாள்.

ஐந்தாம் வாரம் ‘என் குடும்பம்’ படம் வரையச் சொல்கிறது கையேடு. ‘அப்பா என்ன வேலை செய்கிறார், இப்போது எங்கே இருக்கிறார்’ என்று கீழே கோடு வேறு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் அப்பா இருக்கும் வீடுகள் உண்டு. கடலில் போனவர் திரும்பாத வீடுகளும் உண்டு. அந்தக் கோட்டை நிரப்பச் சொல்வது பிள்ளையைச் சுவரோடு நிறுத்துவது. இதை எடுத்துவிட்டு, கையைத் தாளில் வைத்து விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு விரலிலும், ஒரு தொந்தரவு வந்தால் போய்ச் சொல்லக்கூடிய ஒருவர். அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். விரல் காலியாக இருந்தால், “டீச்சர் பேரப் போடேன்” என்று நிரப்பிவிடாதீர்கள். மூன்று விரல் காலியாக விட்டவள் யார் என்பதுதான் அக்கா அன்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

‘இந்தப் பாயை விட்டுப் போகாது’

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு உறுதிமொழி. எல்லோரும் கையை நீட்டி, ‘இங்கே பேசுவது இந்தப் பாயை விட்டு வெளியே போகாது’ என்று சொல்ல வேண்டுமாம். கேட்க நன்றாக இருக்கிறது. பெட்டியிலேயே ஆபத்தான பக்கம் இதுதான்.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் யாராவது பாலியல் தொந்தரவு செய்தது தெரிந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது 21-வது பிரிவில் குற்றம். நடத்துகிற அக்காவுக்கும் இது பொருந்தும். முதல் வாரம் ரகசியம் காப்பேன் என்று கை நீட்டிவிட்டு, ஏழாம் வாரம் ஸ்டேஷனுக்குப் போனால், அந்தப் பிள்ளை இனி யாரையும் நம்ப மாட்டாள்.

உறுதிமொழியை இப்படி மாற்றலாம்: “இங்க பேசுறத வெளிய போயி கதையாப் பேச மாட்டோம். ஆனா உன் உடம்ப யாராச்சும் தொட்டுத் தொந்தரவு பண்ணினாலோ, ஒன்னையே நீ காயப்படுத்திக்கணும்னு தோணினாலோ, பதினெட்டு ஆகுறதுக்குள்ள கல்யாணம் பேசினாலோ, நான் ஒருத்தருக்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யாருக்கிட்டன்னு மொதல்ல ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.” ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மட்டும் சொன்னால் மறந்துவிடும்.

அப்படி ஒரு பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம்தான். கேளுங்கள், துருவாதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு, அன்றே எழுதி வையுங்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். ஊர்க்கூட்டமோ ஜமாத்தோ பங்குப் பெரியவர்களோ ‘பேசி முடித்துக்கொள்ளும்’ விஷயம் இது இல்லை. அதைச் சொல்லும் துணிவு இல்லாதவர் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். பிள்ளையின் பெயரோ படமோ வாட்ஸப் குழுவில் ஒருபோதும் வரக் கூடாது.

பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எண்களை ஒட்டி வையுங்கள். குழந்தைகளுக்கு 1098. மன உளைச்சலுக்கு 14416, அதுதான் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். பள்ளி தொடர்பான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112. கையேடு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வீட்டில் இருப்பது அப்பா போன். யாரைக் கூப்பிட்டாள் என்பது அதில் பதிவாகும், சாயங்காலம் கேள்வி வரும். அதனால் அக்காவின் போனிலிருந்தோ பள்ளி அலுவலகத்திலிருந்தோ பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடிதப் பெட்டி நல்ல யோசனை. ஆனால் வைத்த மாதிரி வைத்தால் காலியாகவே கிடக்கும். ஒருத்தி எழுந்து போய்ச் சீட்டுப் போட்டால் பதினேழு கண் பார்க்குமே. சரிசெய்வது சுலபம். கூட்டம் முடியும்போது எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு. அதில் மூன்று வட்டம்: ‘ஒண்ணுமில்ல’, ‘பேசணும்’, ‘இன்னிக்கே பேசணும்’. ஒன்றில் டிக் அடித்து, பெயர் எழுதி, மடித்து, பதினெட்டுப் பேரும் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். யார் எதை அடித்தாள் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. சாவி ஒருவரிடம்தான். பிள்ளைகள் வீடு போய்ச் சேர்வதற்குள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ‘இன்னிக்கே’ என்று அடித்தவளுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லிப் பயனில்லை.

மூச்சும் சோர்வும்

மூச்சுப் பயிற்சி: கண்ணை மூடிப் படுத்து, நான்கு எண்ணி இழு, நான்கு நிறுத்து, நான்கு விடு, நான்கு நிறுத்து. புது இடத்தில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னால் பாதிப் பேருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம். மூச்சை நிறுத்தச் சொன்னால் படபடப்புக்காரிக்கு அது கூடும். உட்கார்ந்தபடி, கண் திறந்தபடி, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது போதும், ஐந்தாறு முறை. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், அடிப்படை அவ்வளவுதான். எண்ணுவதற்கு ‘ஏலேலோ’வில் இழுத்து ‘ஐலசா’வில் விடச் சொன்னால் முதல் தடவை சிரிப்பார்கள். சிரித்தாலே பாதி மூச்சு வெளியே போய்விடும். வீசிங் உள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கையேட்டில் இல்லவே இல்லாத ஒன்று: ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ‘உற்சாகமில்லாத பிள்ளை’, ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கியவளிடம் முதலில் கேட்க வேண்டியது, மதியம் சாப்பிட்டாயா என்பதுதான். பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுக்கும். கறுத்தால் பயந்துபோய் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடணும், கூடவே டீ குடிக்கக் கூடாது, கறுப்பது இரும்பினால்தான், ஒன்றும் செய்யாது. இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். கூட்டத்துக்கு முன் சுண்டல் கொடுங்கள். 18 பேருக்கு 600 கிராம் கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறவைத்தது.

மாதவிடாய் வாரம் பரவாயில்லை. நாப்கின் எவ்வளவு உறிஞ்சும் என்று காட்ட நீலத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள், விளம்பரத்தைப் பார்த்துப் பழகிய கை போலிருக்கிறது. குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். துணி வைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது கையேட்டில் பாதிதான் இருக்கிறது. கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். இந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, துணி விறைத்து உராய்ந்து புண்ணாகும். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில், பிறகு நேர் வெயிலில். சேலைக்கு அடியில் மறைத்து நிழலில் போட்டு, சரியாகக் காயாவிட்டால் அரிப்பு வரலாம்.

‘வேண்டாம்’ என்று சொல்லும் வாரம்

கையேடு தரும் வாக்கியம்: ‘நீங்கள் இவ்வாறு நடந்துகொள்ளும்போது நான் சங்கடமாக உணர்கிறேன்.’ நெரிசலான பஸ்ஸில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாம்பன் பாலம் தாண்டிவிடும்.

மூன்றே சங்கதி: கூப்பிடு, சொல்லு, நகரு. “அண்ணே, கையை எடுங்க.” ஒரு முறை, சத்தமாக. உடனே கண்டக்டர் பக்கமோ அக்கா ஒருத்தி பக்கமோ நகர்ந்துவிட வேண்டும், விவாதம் கூடாது. பழக்குவதற்கு இருவர் இருவராக ஆறடி தள்ளி நிற்கவைத்து மூன்று தடவை: முதலில் சாதாரணக் குரல், பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குரல், பிறகு கரையிலிருந்து படகுக்குக் கூப்பிடும் குரல். கொண்டல் காற்றில் கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகளுக்குக் குரல் பஞ்சம் இல்லை. ‘பொம்பளப் புள்ள சத்தம் போடாதே’ என்று அமுக்கியதை எடுத்துவிட்டால் போதும்.

வீட்டுக்குள் வேறு மாதிரி. கேலி செய்யும் மாமா மகனுக்கு, “முறைதானே” என்று வீடே சிரிக்கிறது. அங்கே சத்தம் எடுபடாது. தனியாக, சிரிக்காமல், “மாமா, அப்படிக் கூப்பிடாதீங்க, பேரச் சொல்லுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம், பழக்கும்போதே சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு அடங்கும்வரை ஐந்தாறு முறை திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

இன்னொன்றும் பழக்கலாம், கையேட்டில் கிடையாது: சடங்குக்குத் தெருமுனையில் பிளெக்ஸ் வைப்பது. தன் படத்தோடு ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பதைத் தாங்க முடியாமல் பள்ளிக்கு வராமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. சடங்கே வேண்டாம் என்று கேட்டால் நடக்காது. பிளெக்ஸ் வேண்டாம், அல்லது படம் வேண்டாம் என்று கேட்கலாம். யாரிடம் முதலில் கேட்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. பெரும்பாலும் அம்மாச்சி. அவர் வழியாகத் தாய்மாமனுக்குப் போக வேண்டும், செலவு அவருடையது. இதை நடித்துப் பார்க்க நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

தலைமை

எட்டாம் வாரம் ‘தலைவி தேர்தல்’, ஒன்பதாம் வாரம் ‘மேடைப்பேச்சு’. கை தூக்கச் சொன்னால் வகுப்பு லீடராக இருப்பவளே இங்கேயும் லீடர். மற்ற பதினேழு பேருக்கு இன்னொரு முறை அதே பாடம். இந்த இரண்டு வாரத்தையும் தூக்கிவிட்டு, முதல் வாரத்திலிருந்தே ஐந்து பொறுப்பு: சாவி, பதிவேடு, பணம், நேரம், பாய். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும். ஆறு சுற்று, ஐந்து பொறுப்பு, மொத்தம் 30 இடம். 18 பேருக்கும் ஒன்றாவது வரும், 12 பேருக்கு இரண்டு.

பணப் பொறுப்புதான் உண்மையான வகுப்பு. மகளிர் குழுவிடம் 300 ரூபாய் சுண்டல் காசு வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கடலை வாங்குவது, பில், கணக்கு, மிச்சம் எல்லாம் அவர்கள் வேலை. எப்படியும் ஒரு வாரம் பத்து ரூபாய் குறையும். அக்கா தன் பையிலிருந்து போட்டுச் சரிசெய்துவிடக் கூடாது, யார் என்று விசாரிக்கவும் கூடாது. பதிவேட்டில் ‘குறைவு ரூ.10’ என்று எழுதி, அந்த இரண்டு வாரப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் போதும். தப்பு நடந்தது, எழுதியாயிற்று, கூட்டம் நடக்கிறது. அடிக்குப் பயந்து மறைத்துப் பழகிய பிள்ளைக்கு இப்படி ஒரு பக்கம் இருப்பதே புதுசு.

ஊர்நடையும் மனுவும் பெட்டியின் சிறந்த பகுதி. ஆனால் பத்தாம் வாரத்தில் வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். பதில் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். நான்காம் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கைந்து பேராகப் பிரிந்து ஒரு மணி நேரம் தெருவைச் சுற்றி, ஆளுக்கு மூன்று குறை எழுதிவர வேண்டும். பிறகு ஓட்டு: மூன்று சிரட்டை, ஆளுக்கு ஒரு சோழி, துணி மறைப்புக்குப் பின்னால். ராமேஸ்வரத்துச் சங்குக்கடைச் சோழி மலிவு, கையில் பிடிக்கவும் அழகு. கச்சத்தீவு, டாஸ்மாக் எல்லாம் பட்டியலில் வரும். ஓட்டுக்கு முன்பே, ஒரு அலுவலகம் ஒரு மாதத்தில் சரிசெய்யக்கூடியதா என்று கேட்டு மூன்றாக வடிகட்டுங்கள். எரியாத தெருவிளக்கு, உடைந்த குழாய், கதவில்லாத கழிப்பறை சரி.

மனுவில் ஒரே ஒரு விஷயம். ‘எங்கள் ஊரில் விளக்கு எரியவில்லை’ என்றால் யாரும் வரமாட்டார்கள். எந்தத் தெரு, எந்த முனை, மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எந்த நாளிலிருந்து, எத்தனை வீடு, டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் எத்தனை பேர். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கிராம சபையில் வாக்காளர்தான் உறுப்பினர், அதனால் அம்மாக்கள் கையெழுத்து. வாசிப்பது பிள்ளை. தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் 15 நடுவில் வரும், கணக்குப் பண்ணி வையுங்கள். கீழக்கரையும் ராமேஸ்வரமும் நகராட்சி, மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி. அங்கே கிராம சபை இல்லை, அலுவலகத்துக்கே போக வேண்டும். எங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், முதல் மனுவின் பிரதியோடு. அக்கா முன்னால் நடந்து அதிகாரியிடம் பேசிவிடுவதுதான் இங்கே வரும் கேடு. அலுவலக வாசலில் அக்கா பின்னால் நிற்க வேண்டும், வாய் அரித்தாலும்.

முன்மாதிரிப் பெண்கள் படச்சுருளில் கோட்டு போட்ட கம்பெனித் தலைவிகள், விண்வெளி வீராங்கனை, கூடவே கலாம் ஐயா. கலாம் இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாச் சுவரிலும் இருக்கிறார், இன்னொரு தாள் தேவையில்லை. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு ஒரு தாள் போட்டிருக்கலாம். பாசி சேகரிக்கும் பெண்களை ஒன்றுசேர்த்து அவர்கள் உரிமைக்காகப் பேசியதற்காக 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு பெற்றவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே அனுமதி கேட்க வேண்டி வந்த பெண்களின் கதை அது. படத்தைவிட உங்கள் ஊர்ப் பாசிக்கார அக்கா ஒருவரையே கூப்பிட்டு, கண்ணாடி, இடுப்பில் கட்டும் பை, விரலில் சுற்றும் துணி எல்லாவற்றையும் பாயில் வைக்கச் சொல்லுங்கள். கேள்விகளைப் பிள்ளைகள் முந்தின வாரமே எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘உங்க லட்சியம் என்ன’ என்று பேட்டி எடுப்பார்கள்.

சான்றிதழ் வழுவழுப்பாக இருக்கிறது. உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அதற்குப் பதில் மனுவின் முத்திரைப் பிரதியை ஆளுக்கு ஒன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம், இரண்டு ரூபாய்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். பயிற்சி தருகிறவர் 12 வாரத்தில் ஒரு நாளாவது வந்து பாயில் உட்கார்ந்து பார்ப்பாரா? அட்டை, நோட்டு தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் மழுப்பினால் 6,500 அதிகம். கையேட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள், மற்ற சாமான்களை ராமநாதபுரம் கடைகளில் 2,000 ரூபாய்க்குள் சேர்த்துவிடலாம். தகரப் பெட்டிக்குப் பதில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா. கடிதப் பெட்டியின் பூட்டு மட்டும் பித்தளையாக இருக்கட்டும். கூட வரும் இரும்புப் பூட்டு ஆவணி முடிவதற்குள் துருப்பிடித்துச் சாவி திரும்பாது, அதற்குள் யாராவது ‘இன்னிக்கே பேசணும்’ என்று அடித்திருப்பாள்.